சின்னம்மாவின் குன்றிமணி மாலை

என் வயதுக்காரர்கள் கூடிப் பேசினால், சின்ன வயதில் எதற்குப் பயந்தோம் என்ற பேச்சு எப்படியாவது வந்துவிடுகிறது. ஒருவர் கிணற்றைச் சொல்வார். ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வருகிறவரைச் சொல்வார். சிரித்துக்கொள்வோம். என் முறை வரும்போது நாய் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். நாய்க்கு நான் பயந்ததே இல்லை. நான் பயந்தது ஒரு மாலைக்கு. அறுபத்திரண்டு வயதாகிவிட்டது. இனியும் நாய் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அப்போது எனக்கு எட்டு வயது, தங்கைக்கு நாலு. பாப்பாரப்பட்டி சந்தைக்கு நடந்தே போய்வருகிற தூரத்தில் எங்கள் ஊர். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அப்பாவுக்கு மூத்தவள், புருஷன் இறந்தபின் பிறந்த வீட்டோடு வந்து தங்கிவிட்டவள். அவள் ஒன்று சொன்னபிறகு அப்பா மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வருடம் தை மாதம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சின்னம்மா மொரப்பூர்ப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா ரயில் பாதையில் வேலை செய்தவர். அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியை அத்தை எல்லார் எதிரிலும் திறந்தாள். மேலே நாலு சேலை. அடியில் முழுக்கத் துண்டுத்துணி. தையல் கடையில் கழித்துப் போட்டவை, குடைத்துணி, மாவுப்பை, சாயம் போன ரயில்வே கொடிகள் பச்சையிலும் சிவப்பிலும், பித்தான் நிறைந்த ஒரு பால்டப்பா.

"கந்தைய மூட்ட கட்டிக்கிட்டு வந்துக்கிறா பாரு" என்றாள் அத்தை.

"போர்வை தைப்பேங்க அண்ணி" என்றாள் சின்னம்மா.

அத்தை பெட்டி மூடியைப் படாரென்று விட்டாள். அது விழுந்த சத்தத்துக்குத் தங்கை அழ ஆரம்பித்தாள்.

சின்னம்மா தைப்பதைப் பார்க்க எனக்கு ஆசை, பயமும் கூட. எங்கள் ஊரில் பழைய சேலையை நாலாக மடித்து ஓரம் அடித்து விரிப்பாக்குவார்கள். இவள் செய்தது அப்படி இல்லை. அளவு கிடையாது, கோடு கிடையாது. கத்தரியைத் துணியில் வைத்தால் அது போகிற வழியில் கை போகும். வெட்டிய துண்டைத் தரையில் போடுவாள். பக்கத்தில் இன்னொன்று. பிறகு எழுந்து சுவரோரம் போய் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பாள். கூப்பிட்டால் காது கேட்காது. அந்தப் பார்வையில் நாங்கள் யாரும் இல்லை. அதுதான் எனக்குப் பயம். ஒரு துண்டு நீளம் போதாவிட்டால் தேடி எடுத்து வேறு நிறத்தில் ஒட்டுப் போடுவாள். கோணலாகப் போனதை அடுத்த துண்டும் கோணலாகப் போய்ச் சேர்த்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் தரை முழுக்கக் குடைக் கறுப்பும் கொடிச் சிவப்புமாக, கொல்லைகளும் வரப்புகளும் போல ஏதோ ஒன்று கிடக்கும். அதை, அடுக்கிவைத்த பழைய சேலைகளின் மேல் வைத்து, மூலையில் தொடங்கி ஓட்டுத் தையல் போட்டபடி உள்ளே உள்ளே போவாள்.

மாலைகளும் அப்படித்தான். பித்தான், உடைந்த வளையல், புளியங்கொட்டை, குடைக்கம்பியை நறுக்கிய துண்டு, எல்லாம் அவள் கழுத்தில் ஏறும். தாலிக் கயிற்றைத் தவிர அவளுக்குப் பவுன் கிடையாது.

"பவுனில்லாத மருமவளுன்னு ஊரே சிரிக்கட்டும்" என்பாள் அத்தை. அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் சின்னம்மா குனிந்து தைக்கும்போது, புளி உரித்துக்கொண்டே அந்த மாலையை அம்மா ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குன்றிமணியைக் கொண்டுவந்து கொடுத்தது நான். எங்கள் கொல்லை வேலியில் கொடி படர்ந்து, காய் வெடித்து, சிவப்பாக, மூக்கில் கறுப்போடு தொங்கும். பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, அதுதான். பாவாடை மடியில் அள்ளிக்கொண்டு போனேன். சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துத் தொட்டியில் கழுவிவிட்டாள்.

"கண்ணு, இது பாக்கத்தான் அழகு. வாயில வெக்கக்கூடாது. கடிச்சா உசுருக்கே ஆபத்து. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சின்னம்மா."

இரண்டு நாள் ஊறவைத்து, ஊசியை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி ஒவ்வொன்றிலும் துளை போட்டாள். நடுநடுவே வெள்ளைப் பித்தான் வைத்துக் கோத்தாள். நாற்பது மணி. நானே எண்ணினேன். என் கழுத்தில் போட்டுவிட்டு மறுபடியும் சொன்னாள்: "பாப்பாகிட்ட மட்டும் குடுக்கவே கூடாது. அவ எதையும் வாயிலதான் போடறா."

அதற்கும் தெரிஞ்சுது என்றேன்.

மாசி மாதத்தில் எதிர்வீட்டு அக்கா பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. அதை அவளுடைய அம்மா வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அக்கா நிறைமாதமாக இருந்தபோது தன் ஆரஞ்சுச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து, பிறக்கப்போகிற குழந்தைக்கு விரிக்க ஒன்று தைத்துத் தரச் சொல்லி சின்னம்மாவிடம் கொடுத்திருந்தாள். பாதி தைத்த நிலையில் அவள் போய்விட்டாள். சின்னம்மா நிறுத்தவில்லை. ஒருநாள் கொடியில் காய்ந்த போர்வையில் அந்த ஆரஞ்சை அத்தை பார்த்துவிட்டாள்.

"செத்தவ சேல! புள்ளைங்க இருக்கற வூட்டுக்குள்ள!"

"செத்தப்பறம் எடுத்தது இல்லீங்க அண்ணி. உசுரோட இருக்கறப்ப அவளே குடுத்தா. அவ கொழந்தைக்குத்தான். முடிச்சதும் அனுப்பிடறேன்."

"எதுனா நடந்துதுன்னா நீதான் பொறுப்பு" என்றாள் அத்தை. அன்றிலிருந்து கொடிப்பக்கம் போவதை நான் விட்டேன். தண்ணீர் மொள்ளக்கூட மாட்டுக்கொட்டாயைச் சுற்றிக்கொண்டு போனேன். காற்றில் அந்தப் போர்வை அசைந்தால் அக்கா அதற்குள் மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

அது புளிக்காலம். பெரியவர்கள் எல்லாரும் மரத்தடி நிழலில் உட்கார்ந்து புளியைத் தட்டி, நார் எடுத்து, கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு மத்தியானம் பக்கத்து வீதிப் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தங்கை என் பாவாடையை விடவில்லை. மாலையைக் காட்டிக் காட்டி அழுதாள். நான் அதைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். அழுகை உடனே நின்றது.

"வாயில வெக்காத" என்று சொல்லிவிட்டு ஓடினேன். நாலு வயதுப் பிள்ளையிடம்.

திரும்பி வந்தபோது அவள் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நூல் அறுந்து மணிகள் சிதறிக் கிடந்தன. உதட்டோரம் சிவப்பாக ஒரு தொலி ஒட்டியிருந்தது. விரலை விட்டு வாயைத் துழாவினேன். ஒன்றும் இல்லை. மண்ணைத் தடவித் தடவிப் பொறுக்கி எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு. மணிகளைக் கந்தையில் முடிந்து தவிட்டுப் பானைக்குள் புதைத்தேன். தங்கையின் வாயைத் துடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றேன். அவள் சிரித்தாள்.

அன்று ராத்திரி அவள் நன்றாகத்தான் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் ஆறேழு தடவை. அப்பா பாப்பாரப்பட்டிக்குப் போய் மருந்து கொடுக்கிறவரிடம் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். சூடு, வயிற்றுக் கடுப்பு, சரியாகிவிடும் என்று அவர் சொன்னாராம். குன்றிமணியைப் பற்றி அவருக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டியவள் மூலையில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை இரத்தமாகப் போனது. அம்மா அந்தத் துணியை எடுத்துக்காட்டியபோது அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தச் சேலதாண்டா! தாயி கொழந்தையத் தேடி வந்துட்டாடா!"

பூசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் விபூதி போட்டார். செத்தவளின் துணியையும் அதோடு சேர்ந்த எல்லாவற்றையும் எரித்துவிடணும், மூன்று நாளைக்குக் குழந்தை வாசற்படி தாண்டக்கூடாது என்றார்.

வெயில் கொளுத்துகிற நேரத்தில் கொல்லையில் எரித்தார்கள். தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ரயில்வே கொடிகள், குடைத்துணி, தைத்து முடித்த மூன்று போர்வை, மேலே அந்தக் குழந்தைப் போர்வை. சின்னம்மா அதன் மேல் கை வைத்தாள்.

"இது என்னுது இல்லீங்க. அந்தத் தாயில்லாத புள்ளயோடது. இத மட்டும் விட்டுருங்க."

அத்தை அவள் கையைத் தட்டிவிட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு மண்ணெண்ணெயை ஊற்றினார். கறுத்துச் சுருண்டு எரிகிற துணியைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சாமீ, அந்தச் சேலைதான் காரணமாக இருக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். அக்கா பேயாக வந்திருக்கட்டும். நான் இல்லாமல் இருந்தால் போதும். பயம் ஒரு பிள்ளையை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். சின்னம்மா அழவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து பார்த்தேன். எரித்தாகிவிட்டது, தங்கை எழுந்திருக்கவில்லை. கண் குழிந்து, உதடு காய்ந்து, என்னைப் பார்த்தும் பார்க்காதவள்போல் கிடந்தாள். அவளுடைய கை ஜில்லென்றிருந்தது.

மாட்டுக்கொட்டாயில் சின்னம்மா தனியாக இருந்தாள். போய் எதிரில் நின்றேன். தவிட்டுப் பானையிலிருந்து எடுத்துவந்த முடிச்சை நீட்டினேன். அவள் அவிழ்த்துப் பார்த்தாள்.

"பாப்பாவா?"

தலையாட்டினேன்.

"எத்தன?"

"நாலு."

"கடிச்சாளா, அப்படியே முழுங்கினாளா?"

"தெரியல சின்னம்மா. உதட்டுல தொலி இருந்துது."

"எப்ப?"

"முந்தாநேத்து மத்தியானம்."

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்தபோது அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். நான் பின்னால் ஓடினேன். அத்தையும் அம்மாவும் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தூணில் சாய்ந்து நின்றார்.

"பாப்பா குன்றிமணி தின்னுட்டா" என்றாள் சின்னம்மா. "நாந்தான் கோத்த மணிய கவனிக்காம கீழ வெச்சுட்டுப் போயிட்டேன். இப்பத்தான் எண்ணிப் பாத்தேன், நாலு கொறையுது. இது பேயும் இல்ல பிசாசும் இல்ல. வெஷம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அத்தை வாசலை மறித்தாள். "வெஷத்த வெச்சவளே வைத்தியமும் சொல்றியா? படி தாண்டுனா புள்ள செத்துருவா!"

"தாண்டலன்னாதாங்க அண்ணி செத்துருவா." சின்னம்மா குனிந்து தங்கையைத் தூக்கித் தோளில் போட்டாள். "அக்கா, நீங்க வரீங்களா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அதுவரை அத்தை சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிராத அம்மா எழுந்தாள். அத்தையின் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு வெளியே வந்தாள். அப்பா அசையவில்லை. இருவரும் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். செருப்பில்லாத காலோடு நானும் ஓடினேன். என்னைத் திரும்பிப் போ என்று சொல்லக்கூட யாருக்கும் நேரமில்லை.

தர்மபுரி பஸ் கூட்டமாக வந்தது. வாந்தி எடுக்கிற பிள்ளையை ஏற்ற கண்டக்டர் யோசித்தார். சின்னம்மா அவர் முகத்தைப் பார்த்து, "அண்ணா, வெஷம் தின்ன புள்ள" என்றாள். அவர் விசில் ஊதி, வழியில் எங்கும் நிறுத்தாமல் விடச் சொல்லி டிரைவரிடம் கத்தினார். அந்தப் பயணத்தில் தங்கையின் பாதம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சின்னம்மாவின் இடுப்போரம் தொங்கிக்கொண்டிருந்தது. அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் குலுங்கியபோதெல்லாம் அசைந்தது. அதனால் ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, மிச்ச மணிகளைக் கையில் வாங்கி, துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முழுசா முழுங்கியிருந்தா அப்படியே வெளிய வந்திருக்கும். ஓட்டை போட்டதால வெஷம் சுலபமா எறங்கிடுச்சு. இத யாராவது கொழந்த இருக்கற வூட்ல வெப்பாங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?"

"இல்லீங்க. தப்புதாங்க" என்றாள் சின்னம்மா.

"இதுக்கு மாத்து மருந்து கெடையாது. தண்ணிச்சத்து எறங்காம பாத்துக்கலாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா என்கிட்ட கொண்டுவந்து பிரயோசனமே இல்ல."

ஏழு நாள் குளுக்கோஸ் பாட்டில் ஏறியது. எட்டாம் நாள் தங்கை பன் வேண்டும் என்று அழுதாள். அம்மா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். சின்னம்மா ஓடிப்போய் பன் வாங்கிவந்து, பிய்த்து, டீயில் தோய்த்து ஊட்டப்போனாள். அம்மா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். "நான் ஊட்டறேன், குடு" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். சின்னம்மா பின்னால் நகர்ந்து நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்றே சின்னம்மாவுக்குத் தனித் தட்டு, தனி அடுப்பு. சித்தப்பா வந்ததும் அத்தை சொன்னது ஒன்றே ஒன்று: அவள் இருந்தால் நான் இருக்கமாட்டேன். அவர்கள் ஓசூருக்குப் போவது என்று முடிவாயிற்று. போகிற காலையில் தொட்டியருகே அவளைப் பிடித்தேன்.

"சின்னம்மா, நான் சொல்லிடறேன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சொன்னா உங்க அத்த உன்ன சும்மா விடுவாங்களா? பாப்பாவக் கொல்லப் பாத்தவன்னு சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நான் வேற ஊருக்குப் போயிடுவேன் கண்ணு. நீ இந்த வூட்லதானே இருக்கணும்?"

பெட்டி லேசாக இருந்தது. அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

ஓசூரில் அவள் தையல் கடையில் பித்தான் துளைக்குக் காஜா எடுத்தாள், பிறகு பனியன் கம்பெனிக்குப் போனாள். கழிவுத்துணியை மூட்டையாக வாங்கிவந்து மறுபடி வெட்டத் தொடங்கினாள். அங்கே முதலில் தைத்த சின்னப் போர்வையை, எதிர்வீட்டு அக்காவின் குழந்தை வளர்ந்த ஊரை விசாரித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாளாம். கல்லூரியில் ஓவியம் சொல்லித்தருகிற ஒரு அம்மா அவளுடைய போர்வையைப் பார்த்து பெங்களூரில் ஒரு கண்காட்சி அறையின் சுவரில் மாட்டவைத்தார். பிறகு அவள் கோத்த மாலைகளையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். விதைகளை மட்டும் அவள் அதற்குப்பின் தொடவேயில்லை. தகரம், கம்பி, பித்தான், உடைந்த கண்ணாடி. பேப்பரில் அவள் படம் வந்தபோது அத்தை உயிரோடிருந்தாள். "கொலகாரிக்குப் பேரப் பாரு" என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அத்தைக்குப் பயந்தது போய், இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்குப் பயம்.

போன வருடம்தான் ஓசூருக்குத் தனியாகப் போனேன். அத்தை, அம்மா, அப்பா, சித்தப்பா யாரும் இப்போது இல்லை. எண்பதை நெருங்குகிற சின்னம்மா தரையில் துணிகளைப் பரப்பி, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரிடமும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"எல்லாருக்கும் இனிமே எதுக்கு?" என்றாள். பார்வையைத் துணியிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "உன் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லு. எத்தன கல்யாணம், எத்தன காரியம். நான் பரிமாறினா அவ எலைய மூடிட்டு எந்திரிச்சுருவா. ஒரு வாய் வாங்கினதில்ல."

நான் அதைக் கவனித்ததே இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அவள் அதைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தங்கையிடம் சொன்னேன். அவள் வீட்டுச் சமையலறையில், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது. முழுவதையும் கேட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்த அம்மா மொகத்துல நான் முழிக்கவே மாட்டேன்னு திரிஞ்சேனே. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

போய்வா என்றாள். ஒரு மாதம் போன் எடுக்கவில்லை. அந்த ஒரு மாதமும் எனக்கு மறுபடி எட்டு வயது. பிறகு ஒருநாள் காலை அவளே கூப்பிட்டு, ஓசூருக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டாள்.

சின்னம்மா களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருந்தாள். உருண்டை பிடித்துத் தங்கையின் தட்டில் வைத்துவிட்டு, ஒதுங்கிப்போய்ச் சுவரோரம் நின்றாள். தங்கை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்துவிடுவாள் என்று நான் பயந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

அவள் ஒரு வாய் பிட்டுக் கீரையில் தோய்த்து விழுங்கினாள். இன்னொரு வாய். தட்டு காலியானதும், நிமிராமலே அதைச் சின்னம்மா பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வெய்யுங்க சின்னம்மா."

என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.